பெரியம்மாவின் புதுத் தோள்

கதிரையிலிருந்து எழுவதற்கும் ஒரு முறை உண்டு என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரேனும் எனக்குச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். இரு கைகளையும் கதிரைப் பிடிகளில் ஊன்றுகிறோம், உடம்பை முன்னே தள்ளுகிறோம், எழுந்து நடக்கிறோம். இதிலே கற்பதற்கு என்ன இருக்கிறது? இந்தப் பகுதியிற் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பையும் பெற்றாரின் பொறுப்பையும் பற்றியே எழுதி வருகின்ற நான் இன்று கதிரையைப் பற்றியும் தோள் மூட்டைப் பற்றியும் எழுதப் புகுந்ததற்கு, எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சம்பவமே காரணம். அச்சம்பவத்தில் என் தவறும் ஒன்று உண்டு. அதை மறைக்காமற் சொல்லிவிடுவதே முறை.

பெரியம்மா, அதாவது என் தாயாரின் தமக்கையார், எங்களோடு வசிப்பவர். அவருக்கு 74 வயதாக இருந்தபோது ஒரு நாட் காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடது மேற்கை என்பின் தலைப்பகுதி நாலு துண்டுகளாக உடைந்துவிட்டது. துண்டுகளைப் பொருத்தித் தகடு வைத்துப் பயனில்லை, முதுமையினால் என்பும் மென்மையடைந்திருக்கிறது, தோளைச் சுற்றியுள்ள தசைநாண்களும் தேய்ந்திருக்கின்றன என்று கண்ட நிபுணர், கொழும்பிலே ஓர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்து, செயற்கை மூட்டு ஒன்றைப் பொருத்தினார். யாழ்ப்பாணம் திரும்பியபோது எங்கள் கையில் ஒரு மருந்துப் பையும், எக்ஸ்கதிர்ப் படமும், ஆங்கிலத்தில் அச்சிட்ட நாலு பக்கத் துண்டுப் பிரசுரம் ஒன்றும் இருந்தன.

வீட்டிலே பட்டம் பெற்றவன் நான். ஆகவே பிரசுரத்தைப் படிக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. படித்தேன். மேல்நாட்டில் யாரோ எழுதியது. காற்சட்டையின் பின்பையிலிருந்து பணப்பையை எடுக்க வேண்டாம் என்று ஒரு வரி, அதற்கொரு படம். பெரியம்மாவுக்குக் காற்சட்டையும் இல்லை, பின்பையும் இல்லை, பணப்பையென்றால் இடுப்பிற் செருகிய சிறு சுருக்குப் பைதானே என்று எனக்குள் நகைத்துக்கொண்டு, பிரசுரத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நான் சொன்னதெல்லாம், "பெரியம்மா கையை மேலே உயர்த்தாமற் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதுதான்.

அவர்களும் அப்படியே பார்த்துக்கொண்டார்கள். அடுக்கிலே இருக்கும் பாத்திரத்தை எடுக்க அவரை விட்டதில்லை; கொடியிலே துணி போட விட்டதில்லை. ஆறு வாரம் முடிந்து, கையைத் தாங்கியிருந்த பட்டியும் கழற்றப்பட்டது. ஏழாவது வாரத்தில் ஒரு மாலை, விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்தவர், படலை திறக்கும் சத்தம் கேட்டு, இரு கைகளையும் பின்னே ஊன்றி எழும்பினார். தோளுக்குள்ளே "கடக்" என்று ஓர் ஓசை கேட்டதாகப் பின்னாளிற் சொன்னார். அன்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள், இடது கையாற் கோப்பையைத் தூக்க முடியாதிருப்பதை என் மனைவி கண்டுவிட்டாள். "ஒண்டுமில்லைப் பிள்ளை, கொஞ்சம் சுளுக்கிப் போட்டுது. எண்ணெய் பூசினாற் சரிவரும்" என்றார் பெரியம்மா. வலி பெரிதாக இல்லாதபடியால் நாங்களும் நம்பினோம். மூன்று நாள் எண்ணெய் பூசினோம். அயல்வீட்டு அண்ணர், "பரிகாரியாரிட்டைக் காட்டுங்கோவன், ஒரு இழுவையிலை ஏத்திப் போடுவார்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். நானும் அடுத்த நாள் அவரை அழைப்பதென்றே எண்ணியிருந்தேன். அன்றிரவு கட்டணச் சீட்டொன்றைத் தேடி லாச்சியைத் திறந்தபோதுதான் அந்தப் பிரசுரம் கையில் அகப்பட்டது. நான் நகைத்த அதே வரியின் கீழே, நான் படித்தும் மனத்திற் கொள்ளாத மற்றொரு வரி: கதிரைப் பிடியிற் கை ஊன்றி எழ வேண்டாம்.

விடிந்ததும் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தோம். செயற்கை மூட்டின் குண்டு ஓரிடத்திலும் கிண்ணம் வேறோரிடத்திலும் இருந்தன. அன்று மாலையே மோட்டார் வண்டியிற் கொழும்புக்குப் புறப்பட்டோம்.

கையை உயர்த்துவதால் அல்லாமல், கையைப் பின்னே ஊன்றுவதால் ஏன் மூட்டு விலக வேண்டும்? எனக்கு அதை விளக்கிய வைத்தியர் பொறுமைசாலி. நான் கேட்டறிந்தவற்றையும் பின்னர் தேடிப் படித்தவற்றையும் நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

நமது உடம்பிலே உள்ள பெரிய மூட்டுகளில் மிகக் கூடுதலாக அசைவது தோள். அந்தச் சுதந்திரத்துக்கு அது கொடுக்கும் விலை உறுதியின்மை. இடுப்பு மூட்டிலே தொடை என்பின் குண்டு, சிரட்டைக்குள் இட்ட பந்தைப் போல ஆழமாக அமர்ந்திருக்கிறது. தோளிலோ, ஒரு தோடம்பழத்தைத் தேநீர்ப் பீரிசின் மேல் வைத்தாற் போன்ற அமைப்பு. குண்டு பெரிது, அது பொருந்தும் குழியோ சிறிது, ஆழமும் இல்லை. எந்த நேரத்திலும் குண்டின் ஒரு சிறு பங்குதான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அப்படியாயின் அது விழாதிருப்பது எப்படி? குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தென்பு வளையமும், மூட்டைச் சுற்றிய இழையங்களும், எல்லாவற்றுக்கும் மேலாக நாலு தசைகளின் நாண்களும் குண்டைக் குழியோடு அணைத்துப் பிடிக்கின்றன. தோளைத் தாங்குவது என்பன்று, தசை என்று சொன்னாலும் பிழையில்லை.

இத்தகைய மூட்டைக் கழற்றிவிட்டு உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வைப்பவர், இயற்கை செய்துவைத்த அந்தப் பிடியை மட்டும் கடையில் வாங்கி வைக்க முடியாது. இருக்கின்ற தசையையும் நாணையும் கொண்டே புது மூட்டும் நிற்க வேண்டும். தோள் மூட்டு மாற்றிய பின் மூட்டு நிலைகொள்ளாமல் விலகுவது, இச்சிகிச்சையின் பின்விளைவுகளுள் முக்கியமான ஒன்றாக இன்றளவும் நீடிப்பதற்குக் காரணம் இதுவே.

இதன் வரலாறும் சுவையானது. 1893-இல் பாரிஸ் நகரில் பெயான் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், காசநோயினால் தோள் என்பு அழிந்துபோன 37 வயதுப் பாண் சுடும் தொழிலாளி ஒருவருக்குச் செயற்கைத் தோள் ஒன்றைப் பொருத்தினார். பிளாட்டினக் குழாயும், பரபின் மெழுகிற் காய்ச்சி இறுக்கிய றப்பர் உருண்டையும் சேர்ந்தது அது. அதனைச் செய்து கொடுத்தவர் ஒரு பல் வைத்தியர்! ஏறக்குறைய இரண்டாண்டுகளில் நோய்க்கிருமியின் தொல்லையால் அதைக் கழற்றவேண்டி வந்தது. அதன்பின் நெடுங்காலம் கழித்து, நியூயோர்க்கைச் சேர்ந்த சாள்ஸ் நீர் என்ற நிபுணர், உடைந்த தோள்களுக்கு உலோகக் குண்டு பொருத்தி, அதன் பலனை 1955-இல் வெளியிட்டார். குழியின் பக்கத்திற் பிளாஸ்டிக்கும் வைத்து, தேய்மானத்தால் வருந்துவோருக்குச் செய்த சிகிச்சையைப் பற்றி 1974-இல் எழுதினார். இயற்கை வைத்த இடத்திலேயே குண்டும் குழியும் இருக்கும் இந்த மூட்டு, நாலு தசைநாண்களும் நன்றாயிருப்பவருக்கு நல்ல பயன் தருவது. நாண்கள் கிழிந்தவருக்கோ குண்டு மேலே ஏறிவிடும்; கை தூக்க வராது.

அப்படிப்பட்டவர்களுக்காகப் பிரான்சு தேசத்தின் டிஜோன் நகரிலே போல் கிரமோன் என்பவர் 1985-இல் ஒரு புதிய வழியைக் கையாண்டார். குண்டும் குழியும் இடம் மாறட்டும் என்றார்! தோட்பட்டை என்பிலே குண்டைப் பதித்தார். மேற்கை என்பின் தலையிலே கிண்ணத்தை வைத்தார். இவருக்கு முன்னும் சிலர் இவ்வாறு முயன்று தோல்வி கண்டிருந்தனர். சுழலும் மையத்தை உள்ளேயும் கீழேயும் தள்ளி வைத்ததுதான் கிரமோனின் கெட்டித்தனம். அதனால், தோளின் வெளிப்புறத்தே போர்த்தியிருக்கும் பெரிய முக்கோணத் தசை நன்கு இழுபட்டு, கிழிந்த நாண்களின் வேலையையும் தானே ஏற்றுக் கையை உயர்த்துகிறது. தலைகீழ் மூட்டு என்று இதனைச் சொல்லுவார்கள். அமெரிக்காவில் இதற்கு 2003-இல் தான் அனுமதி கிடைத்தது. இன்றோ அங்கே பழைய வகையிலும் இவ்வகையே கூடுதலாகப் பொருத்தப்படுகிறது. பெரியம்மாவுக்கு வைத்ததும் இதுவே.

இனிச் சிக்கலுக்கு வருவோம். தலைகீழ் மூட்டிலே கிண்ணத்தைக் குண்டோடு அழுத்திப் பிடிப்பது பெரும்பாலும் அந்த ஒரு தசையின் இழுவைதான். அந்த இழுவையை எவ்வளவு வைப்பது என்பதைச் சத்திரசிகிச்சை மேசையிலேயே தீர்மானிக்க வேண்டும். வைத்தியர் எனக்கு இதைச் சொன்னபோது, எங்கள் வீட்டு நாடாக் கட்டிலே நினைவுக்கு வந்தது. நாடாவைத் தளர்வாகப் பின்னினால் கட்டில் தொய்ந்துவிடும். அளவுக்கு மேல் இறுக்கினால் சட்டம் வெடித்துவிடும். தோளிலும் அப்படியே. தளர்ந்தால் மூட்டு கழன்றுவிடும். மிஞ்சி இறுகினால் நரம்பு இழுபட்டு மரத்துப்போகும், தசை தொங்கும் தோட்பட்டை என்பின் நுனியும் வெடிக்கலாம். முறிவுக்குப் பின் செய்யும் சிகிச்சையில் இந்த அளவைக் கணிப்பது இன்னும் கடினம். ஏனெனில் அளந்து பார்க்க வேண்டிய என்பே துண்டு துண்டாகக் கிடக்கிறது. கையின் நீளம் சிறிது குறைந்துவிட்டாலும் தசை தொய்ந்துபோகும்.

ஆகவே, மூட்டு விலகினால் நோயாளியின் கவனக்குறைவு என்று பழி சொல்லிவிட முடியாது. வைத்தியரின் பிழை என்று கூவவும் முடியாது. இழுவை போதாமை, முன்புறத்து நாண் பொருந்தாமை, தசைக்குக் கட்டளை கொண்டு செல்லும் நரம்பு பாதிக்கப்படல், பருத்த உடம்பில் மேற்கை விலாவோடு மோதி நெம்பப்படல், உள்ளே மறைவாகத் தங்கிய கிருமி என்று காரணங்கள் பல. இரண்டாம் முறை மூட்டு மாற்றியவருக்கும், முறிவினால் மாற்றியவருக்கும் ஆபத்துக் கூடுதல். மற்றவர்களுள் நூறு பேரில் ஒரு சிலருக்கே இது நேருகிறது. நேருவதானால் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள்ளே நேருகிறது.

கதிரைக்கு இப்போது திரும்பலாம். கை பின்னே போய், உடம்போடு ஒட்டி, உட்புறமாகத் திரும்பும்போது, கிண்ணத்தின் உள்விளிம்பு தோட்பட்டை என்பிலே இடிக்கிறது. அந்த நிலையில் உடம்பின் பாரத்தையும் கையின் மேல் ஏற்றினால், அலவாங்கு போட்டு நெம்பினாற் போலக் கிண்ணம் குண்டை விட்டுக் கிளம்பிவிடும். கையை முன்னே உயர்த்தும்போதோ தசையின் இழுவை கிண்ணத்தைக் குண்டோடு நன்றாகவே அழுத்துகிறது. நாங்கள் காவல் வைத்தது முன்வாசலுக்கு. கள்வன் வந்தது பின்வாசலால். பின்பையிற் பணப்பை எடுப்பதும் இந்த அசைவேதான். காற்சட்டை இல்லாவிட்டாலென்ன, சேலைத் தலைப்பைப் பின்னே செருகுவதும், சட்டையைப் பின்புறத்தில் இழுத்து விடுவதும், நிலத்தில் இருந்து கை ஊன்றி எழுவதும் எல்லாம் அதே அசைவுகள். இன்னும் ஒன்றுண்டு, நாணத்தினால் நம்மவர் அதைப் பேசுவதில்லை, வைத்தியரிடம் கேட்பதுமில்லை. இடது தோள் மாற்றியவர் கால்கழுவுவது எப்படி? மேல்நாட்டுப் பிரசுரத்தில் அதற்கு விடை இருக்கவில்லை. முழங்கையைப் பின்னே கொண்டுபோகாமல் முன்புறத்தால் கழுவிப் பழகலாம், அல்லது நீர் பீச்சும் குழாய் பொருத்தலாம் என்று, நாங்கள் கேட்ட பின்னரே ஒரு தாதி என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். இதைக் கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை.

பழைய வகை மூட்டுக்கும் இதேபோலக் காவல் வேண்டும். அதைப் பொருத்தும்போது முன்புறத்து நாணை வெட்டி உட்சென்று, முடிவில் அதை மீண்டும் தைக்கிறார்கள். தையல் ஒட்டு முன் கையை வெளிப்புறமாக அதிகம் திருப்பினாலோ, கை ஊன்றி எழுந்தாலோ, தையல் விட்டுக் குண்டு முன்னே நழுவக் கூடும். ஆகவே கதிரை விஷயத்தில் இரு வகையினருக்கும் விதி ஒன்றே.

படுக்கையிலும் ஒரு விதி உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அது. மல்லாந்து படுக்கும்போது முழங்கை முதுகின் மட்டத்துக்குக் கீழே தாழக்கூடாது. அதற்கு அளவு என்ன? படுத்தபடியே நோயாளி தன் முழங்கையைத் தன் கண்ணாற் காணக்கூடியதாயிருக்க வேண்டும். தெரியவில்லையென்றால் கீழே ஒரு தலையணையைச் செருகுங்கள். எழுத்தறியாதவரும் மறக்கமாட்டாத அளவு இது.

மூட்டு விலகியதை அறிவது எப்போதும் எளிதன்று. சிலருக்குத் தாங்கொணா வலி வரும், தோளின் வடிவமே மாறிவிடும். வேறு சிலருக்கு, பெரியம்மாவுக்கு வந்தது போல, நேற்றுச் செய்த வேலையை இன்று கை செய்யாது, அவ்வளவுதான். அதைச் சுளுக்கு என்று எண்ணிவிடுவோம். நமது முறிவு நெரிவுப் பரிகாரிமாரின் கைத்திறனை நான் குறைத்துப் பேசுபவனல்லன். சிறுவயதில் என் கணுக்காலைச் சரிசெய்தவரும் அப்படியொருவரே. ஆனால் உள்ளே இருப்பது உலோகம். எக்ஸ்கதிர்ப் படமின்றி அதை இழுத்தால், உலோகத்தைச் சுற்றியுள்ள மெலிந்த என்பு உடையலாம். நரம்பும் இரத்தக் குழாயும் சேதமுறலாம். நாங்கள் தப்பியது ஓரிரவு இடைவெளியில். எண்ணெய் பூசிக் கழித்த மூன்று நாளும் நல்லதல்ல என்பதை வைத்தியர் கடிந்து சொல்லாமற் சொன்னார். நாட் செல்லச் செல்ல மூட்டை உள்ளே ஏற்றுவது கடினமாகும்.

மயக்கமருந்து கொடுத்து, தோளைத் திறக்காமலே மூட்டை இருப்பிடத்தில் ஏற்றினார்கள். கிருமி உண்டா என்று இரத்தமும், மூட்டிலிருந்து எடுத்த நீரும் சோதிக்கப்பட்டன, இல்லை. தோளின் வெளிப்புறத் தோலிலே தொடுவுணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள், இருந்தது. மீண்டும் தாங்கு பட்டியோடு வீடு வந்தோம். இம்முறை பிரசுரத்தின் ஒவ்வொரு வரியையும் நான் காத்தேன். ஆயினும் மூன்றாம் வாரத்தில், உறக்கத்திற் புரண்டபோது மூட்டு மறுபடியும் விலகிற்று. அன்று பெரியம்மா அழுதார். கிணற்றடியில் விழுந்தபோதும் அழாதவர்.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரியில் நிபுணர் எங்களை இருத்தி, ஒளிக்காமற் பேசினார். தசையின் இழுவை போதவில்லை. கழன்றதை ஏற்றுவதால் மட்டும் இது நிற்காது. தோளைத் திறந்து, கிண்ணத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பகுதியைக் கழற்றி, அதனிலும் சில மில்லிமீற்றர் தடித்த ஒன்றை வைக்கலாம். தேவையாயின் குண்டையும் பெரிதாக்கலாம். அல்லது, வயதைக் கருதி, இப்படியே விட்டுவிடவும் கூடும். வலி பெரிதில்லை, ஆனால் கை உதவாது. "மாஸ்ரர், முடிவு நீங்கள் சொல்லுறதில்லை, அம்மா சொல்லவேணும்" என்றார்.

எனக்கு நாவெழவில்லை. முதல் தடவையே அந்தக் கதிரையைப் பற்றி நான் சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்குமா என்ற கேள்வி உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. நிபுணரிடமே அதைக் கேட்டேன். இழுவை தளர்ந்த மூட்டு; கதிரை இல்லாவிட்டால் வேறொன்று வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம் என்றார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பெரியம்மா சற்று நேரம் யோசித்தார். "டொக்டர் தம்பி, செய்தாத் தேங்காய் திருவலாமோ?" என்றார். திருவலையில் இருந்து, இரு கையாலும் அமர்த்தித் திருகுவதா? கூடாது என்றார் நிபுணர். "வெங்காயம் உரிக்கலாமோ?" அது முடியும். "தலை இழுக்கலாமோ?" முன்புறம் இழுக்கலாம், பின்னே கொண்டை முடிவது வராமற் போகலாம். "சரி, கொண்டையை மருமோள் முடிஞ்சு விடட்டும். செய்யுங்கோ" என்றார்.

தடித்த பிளாஸ்டிக் வைத்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. மூட்டு பிறகு விலகவில்லை. இடது கை தலை வரை உயர்கிறது. பாரம் தூக்குவதில்லை. கொண்டையை என் மனைவி முடிந்து விடுகிறாள். சாய்மனைக் கதிரை அறைக்குள்ளே போய்விட்டது. விறாந்தையில் இப்போது, கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்திய ஒரு நேர்க் கதிரை. முன்னே குனிந்து, கால்களின் பலத்தாலேயே எழும்பப் பழகிக்கொண்டார்.

அந்தப் பிரசுரத்தை நான் தமிழில் எழுதினேன். பின்பையையும் பணப்பையையும் நீக்கி, சேலைத் தலைப்பையும் நிலத்தில் இருந்து எழுவதையும் சேர்த்தேன். பெரிய எழுத்தில் மட்டையில் எழுதி, கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அருகே சென்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையும் உரத்து வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, 'கை ஊன்றாதே', 'பின்னே எட்டாதே' எண்டு எழுதியிருக்கிறாய். ஆரை 'நீ' எண்டு சொல்லுறாய்?"

மட்டையைக் கழற்றிக் கொண்டுபோய், எல்லா வரிகளையும் "ஊன்றாதீர்கள்", "எட்டாதீர்கள்" என்று மாற்றி எழுதிக்கொண்டு வந்து மாட்டினேன்.